பாக்கியோடு வந்த வேலை

ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி ஓடும் பட்டறைகளில், முதலாளியின் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு கிடக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் வாரா வாரம் ஓட்டிக் கொடுத்த மீட்டரும் அதற்கான கூலியும் வரிசையாக இறங்கும். வலது ஓரத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு தொகை. அதன் தலைமாட்டில் ‘பாக்கி’ என்று எழுதியிருக்கும். வெளியூர்க்காரர் பார்த்தால், முதலாளி இன்னும் தராத சம்பளம் போல என்று நினைப்பார். விஷயம் நேர்மாறு. வேலைக்குச் சேர்ந்த அன்று ஆள் வாங்கிக்கொண்ட பணம் அது. வேறு பட்டறைக்குப் போக வேண்டுமானால் அதைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கையில் காசில்லாதவர் புது முதலாளியிடம் பழையதைவிடக் கூடுதலாகப் பாக்கி கேட்பார். கிடைத்ததில் பழைய கணக்கைத் தீர்த்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோவார். பட்டறை மாறும், பாக்கியும் கொஞ்சம் பெருத்துக்கொண்டு கூடவே வரும்.

வேலை தேடுவது எப்படி, பணத்தைச் சேர்ப்பது எப்படி என்று யோசனை சொல்கிறவர்கள் இரண்டையும் தனித்தனியாகத்தான் பேசுகிறார்கள். பெருந்துறை வட்டாரத்தின் பழைய கணக்குகளைப் புரட்டினால் அப்படிப் பிரிக்க வராது. இங்கே வேலை கொடுத்த கைதான் கடனும் கொடுத்தது. ஒரு வேலையில் முதல் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இந்தப் பகுதியின் நூற்றைம்பது வருடக் கதை ஓரளவு பிடிபட்டுவிடும்.

கவலை இறைத்த காலம்

ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவில், சேலம்–கோவை நெடுஞ்சாலையில் இருக்கிறது பெருந்துறை. 1979-ல் பெரியார் மாவட்டம் பிரிக்கப்படும்வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். காவிரியும் பவானியும் தொலைவில் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் நெடுங்காலம் இந்த மேட்டு நிலத்துக்கு எட்டவில்லை. கிணறு இருந்தால் ‘தோட்டம்’, மழையை நம்பியிருந்தால் ‘காடு’ என்றுதான் கொங்கு விவசாயி தன் நிலத்தைச் சொல்வார். காட்டைத் தோட்டமாக்கப் பாறையை உடைத்துக் கிணறு வெட்ட வேண்டும். கிணறு என்றாலே கடன்.

தண்ணீர் மேலே வருவதற்குக் கவலை இறைக்க வேண்டும். சரிவான வாரியில் ஒரு ஜோடி எருது முன்னும் பின்னுமாக நடக்கும். வடத்தில் கட்டிய சால் நிறைந்து மேலேறும். அதன் அடியில் கோத்த தோல் தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். எருது ஓட்ட ஒருவர், மடை திருப்ப ஒருவர். தோல் வேலை அருந்ததியர்களின் கைத்தொழில். பண்ணையாட்களும் பெரும்பாலும் அந்தக் குடும்பங்களிலிருந்துதான் வந்தார்கள். பேச்சு வருடக் கணக்கில் இருக்கும். கூலி தானியமாக வரும். வேலை நேரத்தில் கூழோ சோறோ, நோம்பிக்குத் துணி. வீட்டில் கல்யாணமோ சாவோ வந்தால் தோட்டக்காரரான ‘பண்ணாடி’யிடம் கை நீட்ட வேண்டும். வாங்கிய பணம் தீராதவரை அடுத்த வருடமும் அதே தோட்டம்தான். வேலை தேடுவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கடன்தான் ஆளுக்கு வேலையைத் தேடித் தந்தது. கோவை மாவட்டத்தில் நிலம் வைத்திருந்த கவுண்டர்களுக்கும் மாதாரிகள் எனப்பட்ட அருந்ததியர்களுக்கும் இருந்த உறவை ஆராய்ந்து ஸ்வீடன் வரலாற்றாசிரியர் குன்னல் செடர்லோஃப் 1997-ல் ஒரு நூலே எழுதினார். கவலை நின்றபோது அந்த உறவு எப்படி அவிழ்ந்தது என்பதும் அவர் அக்கறை கொண்ட விஷயங்களில் ஒன்று.

பண்ணாடியும் கடனில்தான் இருந்தார் என்பது இதில் இன்னொரு முடிச்சு. அதைக் கூர்ந்து பார்த்த அதிகாரி ஃப்ரெடரிக் நிக்கல்சன். 1887-ல் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கான மேனுவலைத் தொகுத்தவர் அவர்தான். சில வருடங்கள் கழித்து, சென்னை மாகாணத்தில் விவசாய வங்கிகள் தொடங்க முடியுமா என்று ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் கிராமம் கிராமமாகக் கட்டிய கடன் சங்கங்கள் அவரை மிகவும் ஈர்த்தன. சென்னைப் பக்கத்து ‘நிதி’களையும், உறுப்பினர்கள் மாதாமாதம் கட்டித் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் பழக்கத்தையும் அவர் கவனமாகப் பதிவு செய்தார். அரசாங்கமும் கிணறு வெட்ட 1883-லும், விதை, மாடு வாங்க 1884-லும் சட்டம் போட்டுத் தக்காவிக் கடன் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தாலுகா கச்சேரிக்கு நடையாய் நடப்பதைவிட ஊர்க்காரரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுப்பது சுலபம். நிக்கல்சனின் அறிக்கை 1904-ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அடித்தளங்களில் ஒன்றானது. அந்தச் சட்டத்தில்தான் இன்றைய தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வேர் இருக்கிறது. ‘சொசைட்டி’ என்று விவசாயி சொல்வது அதைத்தான்.

பெரும்பாலும் நிலம் உள்ளவர்தான் அந்தச் சங்கத்தில் உறுப்பினராகிக் கடன் வாங்க முடிந்தது. கவலை ஓட்டியவருக்கு அங்கே பக்கம் எழுதப்படவில்லை.

துண்டும் கேட்டும்

சென்னையிலிருந்து ஈரோடு, பெருந்துறை, ஊத்துக்குளி, திருப்பூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை ரயில் பாதை முழுமையானது 1862-ல். ஊரை விட்டுப் போக வழி பிறந்தது. போன இடத்திலும் முன்பணம் முந்திக்கொண்டது. இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். வழிச்செலவும் வீட்டுக்குக் கொடுத்த முன்பணமும் ஆளின் பெயரில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவர் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லும் ஒரு சீட்டு அது. 1921-ல் இலங்கை அரசாங்கம் அந்த முறையை ஒழித்தது. தறிப்பட்டறை நோட்டின் வலது ஓரத்தைப் பார்த்தவருக்கு இந்தத் துண்டு புதிதாகத் தோன்றாது.

கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-ல் நூற்பாலை தொடங்கினார். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. அங்கே வேலை தேடுவதென்றால் இரண்டு வழி. ஒன்று, மேஸ்திரியைப் பிடிப்பது. ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில் இருந்ததால் அவருக்கு ‘கவனிப்பு’ உண்டு. மற்றொன்று, பதிலியாகக் கேட்டில் நிற்பது. விடிகாலையில் சங்கு ஊதும் நேரத்துக்குப் போய் நின்றால், யாராவது வராத அன்று உள்ளே கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் தூக்குவாளியைத் திறக்காமலே வீடு திரும்ப வேண்டும். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1929-ல் அமைந்த அரச ஆணையம் 1931-ல் கொடுத்த அறிக்கையில், ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து பிடுங்கித் தனி அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. ஆலைகள் அதைச் சாவகாசமாகத்தான் செய்தன.

ஆனாலும் ஆலை வேலையில் ஒரு பெரிய மாற்றம் இருந்தது. வேலைக்குச் சேரக் கடன் வாங்க வேண்டியதில்லை. கூலி ரூபாயாக, குறித்த நாளில் வந்தது. பண்ணையத்தில் தானியமாக வாங்கிப் பழகிய குடும்பத்துக்குச் ‘சம்பள நாள்’ என்பதே புதிய சொல்.

இரட்டிப்புக் கட்டினால் தீர்ந்தது

1930-களின் உலக மந்தத்தில் பருத்தி விலை சரிந்தது. கடன் மட்டும் பழைய விலைக் கணக்கிலேயே நின்றது. ராஜாஜி தலைமையிலான சென்னை அரசு 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. அதில் எல்லோருக்கும் சட்டென்று புரிந்த விதி ஒன்று உண்டு: அசலும் வட்டியுமாகச் சேர்த்து அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால், கடன் தீர்ந்ததாகவே கணக்கு.

அந்த விதியின் நியாயம் தெரிய வேண்டுமானால் கொங்கு வட்டிப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே வட்டி வருடக் கணக்கில் பேசப்படுவதில்லை. ‘ஒரு வட்டி’, ‘ஒன்றரை வட்டி’, ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் அத்தனை ரூபாய். காதுக்குச் சின்னதாக இருக்கும். ரெண்டு வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மாதம் இரண்டாயிரம். நாலு வருடம் இரண்டு மாதம் வட்டி மட்டும் கட்டினால் அசல் அளவுக்குப் பணம் போய்விடும், அசல் அசையாமல் அப்படியே நிற்கும். மூன்று வட்டி, ஐந்து வட்டி என்றால் சொல்ல வேண்டியதில்லை. தினவட்டி, மணிவட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று பெயர் பெருகிக்கொண்டே போய், 2003-ல் தமிழ்நாடு அரசு அந்தப் பெயர்களைச் சட்டத்திலேயே எழுதித் தடை செய்ய வேண்டியிருந்தது. கடன் வாங்கப் போகிறவர் மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கி, அதே கடன் சொசைட்டியிலோ வங்கியிலோ நகைக்கு எத்தனை சதவீதத்துக்குக் கிடைக்கிறது என்று பக்கத்தில் எழுதிப் பார்ப்பதைவிடப் பெரிய பொருளாதார ஞானம் இந்த விஷயத்தில் தேவையில்லை.

1950-களின் நடுவில் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் திறந்தது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். பெருந்துறை, சென்னிமலைப் பக்கத்து மேட்டுக் காடுகளுக்கும் முதன்முறையாக ஆற்றுத் தண்ணீர். அதே காலத்தில் கிணற்றுக்கு மின்மோட்டார் வந்தது. சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் கொட்டியது, எருது விற்கப்பட்டது, சாலும் தும்பியும் கொட்டத்து மூலையில் காய்ந்தன. கவலை ஓட்டியவருக்கும் தோல் தைத்தவருக்கும் தோட்டத்தில் வருடம் முழுக்க வேலை இல்லாமல் போனது. பண்ணையத்துக் கட்டு தளர்ந்ததற்குச் சட்டமும் போராட்டமும் காரணம்தான். மோட்டாருக்கும் அதில் பங்கு உண்டு.

நோட்டின் வலது ஓரம்

தோட்டத்திலிருந்து வெளியே வந்த கைகளைத் தறி இழுத்துக்கொண்டது. சென்னிமலையில் கைத்தறி முன்பே வலுவாக இருந்தது. அங்கு நெசவாளர்களைக் கூட்டுறவில் திரட்டியவர் எம்.பி. நாச்சிமுத்து, 1983-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கத்தில் சேர்ந்த நெசவாளிக்கு நூலும் சங்கமே கொடுக்கும், துணியும் சங்கமே எடுத்துக்கொள்ளும். 1970-களில் வந்த சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு எட்டு பைசா பிடித்தார்கள். அரசும் தன் பங்கைச் சேர்த்தது. மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கி அவருக்கே நெய்து கொடுத்தவருக்கு, தன் பெயரில் பணம் வளர்வதைப் பார்ப்பது முதல் அனுபவம்.

குமாரபாளையம், பவானி, பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி பெருகியபோது நடந்தது வேறு. தறி கூடிய வேகத்துக்கு ஓட்டத் தெரிந்த ஆள் கூடவில்லை. ஆளைப் பிடித்து வைக்க முதலாளி முன்பணம் கொடுத்தார், அதுவே பாக்கியானது. 1990-களில் குமாரபாளையத்திலும் பவானியிலும் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கெர்ட் டி நேவ் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பாக்கியை அடிமைச் சங்கிலி என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது என்பது அவர் வாதம். அதற்கு வட்டி கிடையாது. ஆள் தட்டுப்பாடு இருக்கும்போது பாக்கி கேட்டுப் பேரம் பேசுவது தொழிலாளியின் கை ஓங்கியதற்கு அடையாளம். பாக்கியை வாங்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஊரைக் காலி செய்தவர்களும் உண்டு. தலையில் கை வைத்து உட்கார்ந்த முதலாளிகளும் உண்டு.

வட்டி இல்லை என்பதுதான் அதன் ருசி, அதுதான் அதன் விலையும். பாக்கி உள்ளவர் கூலி உயர்வு கேட்கும்போது குரல் தணிகிறது. பக்கத்துப் பட்டறையில் மீட்டருக்குப் பத்து பைசா அதிகம் என்று தெரிந்தாலும் கிளம்ப முடிவதில்லை. வட்டி கட்டாமல் மிச்சம் பிடித்த பணம், கிடைக்காத கூலியில் கரைந்துவிடுகிறது. நோட்டில் இதற்கு ஓரம் ஒதுக்கியிருப்பதில்லை. கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பது 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி செல்லாது. அந்த எல்லைக்கும் சாதாரண முன்பணத்துக்கும் நடுவில் இருக்கும் பெரிய வெளியில்தான் பாக்கி குடியிருந்தது.

பதிவு மூப்பும் பிடித்தமும்

இதே காலத்தில் இன்னொரு வகை வேலையும் இங்கே கண்ணில் படத் தொடங்கியது. யாரிடமும் முன்பணம் வாங்காமல், யாருக்கும் கொடுக்காமல் கிடைக்கும் வேலை. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்காக 1945-ல் தொடங்கிய வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1948-ல் எல்லோருக்கும் திறந்தன. 1956-ல் மாநிலங்களின் பொறுப்புக்கு வந்தன. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ‘எம்ப்ளாய்மென்ட்டில் பதிவது’ ஒரு சடங்கானது. பதிவு அட்டையை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறந்து மூப்பை இழந்தவர்களின் புலம்பல் கேட்காத குடும்பம் குறைவு.

தனியார் ஆலையிலும் இரண்டு பிடித்தங்கள் கணக்கை மாற்றின. 1952-ஆம் வருடத்து வருங்கால வைப்பு நிதிச் சட்டம் ஒன்று. 1955-ல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகக் கோவைக்கு வந்த ஈ.எஸ்.ஐ. மற்றொன்று. சம்பளத்தில் பன்னிரண்டு சதவீதம் பிடிக்கிறார்களே என்று முணுமுணுத்தவர்கள், அதே அளவு முதலாளியும் போட வேண்டும் என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தார்கள். அந்தப் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்து வருடச் சேவை நிறைந்தால்தான் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி. திருப்பூர், பெருந்துறைப் பக்கம் வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறி, ஒவ்வொரு முறையும் பி.எஃப். பணத்தை முழுவதும் எடுத்துச் செலவழித்தவர்கள் இழந்தது இந்தப் பத்து வருடத்தைத்தான். 2014-ல் வந்த யு.ஏ.என். எண், கம்பெனி மாறினாலும் மாறாது. பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துக்கொள்ள இப்போது மேஸ்திரி தயவு வேண்டாம், கைபேசி போதும்.

போக்குவரத்துத் தொழிலாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெருந்துறையில் பழைய காசநோய் சானடோரியம் இருந்த வளாகத்தில் 1990-களில் உருவான ஐ.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி, அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர்களின் சம்பளத்திலிருந்து பிடித்த பணத்தைச் சேர்த்து நடந்த நிறுவனம். அவர்கள் பிள்ளைகளுக்கு அங்கே இடமும் ஒதுக்கப்பட்டது. பஸ் ஓட்டுநரின் மாதப் பிடித்தம் ஒரு மருத்துவக் கல்லூரியான ஊர் இது. பின்னாளில் அரசே அதை எடுத்துக்கொண்டது.

கையில் சேர்ந்ததும் கையை விட்டதும்

கொங்கில் தறி போட்டவர், லாரி வாங்கியவர், பனியன் கம்பெனி தொடங்கியவர் எல்லோர் கதையிலும் ஒரு சீட்டு வரும். இருபது பேர், மாதம் ஐயாயிரம், இருபது மாதம் என்று வைத்துக்கொண்டால் சீட்டு ஒரு லட்சம். அவசரக்காரர் இருபத்தைந்தாயிரம் தள்ளி எடுக்கிறார். அவர் கைக்கு எழுபத்தைந்தாயிரம். நடத்துகிறவர் கமிஷன் ஐயாயிரம் போக, மீதி இருபதாயிரத்தைப் பிரித்தால் தலைக்கு ஆயிரம் கழிவு. அந்த மாதம் நாலாயிரம் கட்டினால் போதும். ஒரே சுற்றில் ஒருவருக்குக் கடன், மற்றவருக்குச் சேமிப்பு. தமிழ்நாடு 1961-லேயே இதற்குச் சட்டம் போட்டது. 1982-ல் மத்தியச் சட்டம் வந்தது. பதிவு செய்த சீட்டில் நடத்துகிறவர் கமிஷனுக்கு உச்சவரம்பு ஐந்து சதவீதம் என்றிருந்தது, 2019-ல் ஏழானது.

சீட்டில் யார் சேரலாம் என்பது பணத்தை மட்டும் பொறுத்ததில்லை. திருப்பூரின் எழுச்சியை ஆராய்ந்த ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட நூலில் காட்டுவது போல, விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த கவுண்டர் தொழிலாளிகள் பலர் உழைப்போடு உறவையும் முதலாக்கித்தான் முதலாளி ஆனார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட மாமன் மச்சான் இருந்தவருக்கு நடந்த காரியம், கவலை ஓட்டியவரின் பேரனுக்கு அதே வேகத்தில் நடக்கவில்லை. அவருடைய வீட்டுப் பெண்கள் 1990-களுக்குப் பிறகு மகளிர் சுயஉதவிக் குழுவில் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் எழுதத் தொடங்கினார்கள்.

அதே வருடங்களில்தான் முன்பணத்தின் திசை மாறத் தொடங்கியது.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ பரவியது. தென்மாவட்டக் கிராமங்களில் தரகர்கள் நோட்டீஸ் கொடுத்தார்கள். பெண் பிள்ளை மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால், கடைசியில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில். நாற்பதாயிரம் என்று வைத்து முப்பத்தாறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் ஆயிரத்து நூறு. அது பரிசும் இல்லை, சீரும் இல்லை. அந்தப் பெண்ணின் கூலியில் ஒரு பகுதி, ஆலையிடம் வட்டியில்லாக் கடனாக இருந்தது. உடம்பு முடியாமல் இரண்டாம் வருடம் கிளம்பினால் பல இடங்களில் அது கிடைக்கவே இல்லை. நெதர்லாந்தின் சோமோ அமைப்பு 2011-ல் அறிக்கை வெளியிட்ட பிறகு ஐரோப்பியத் துணி நிறுவனங்கள் கேள்வி கேட்கத் தொடங்கின. நீதிமன்றத்திலும் விவகாரம் எழுந்தது. பாக்கியில் முதலாளியின் பணம் தொழிலாளியிடம் இருந்தது. இங்கே தொழிலாளியின் பணம் முதலாளியிடம்.

இந்தத் திசை மாற்றத்தின் அடுத்த படி பெருந்துறையிலேயே அரங்கேறியது.

2010-ஐ ஒட்டிய வருடங்களில் நெடுஞ்சாலைப் பலகைகளிலும் தொலைக்காட்சியிலும் ஒரு நீளக்கழுத்துப் பறவை சிரித்துக்கொண்டிருந்தது. பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு நிறுவனத்தின் திட்டம் எளிமையாகப் பேசப்பட்டது. ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகள் தருவார்கள். கொட்டகையும் தீவனமும் அவர்கள் பொறுப்பு. வளர்ப்புக் கூலியாக மாதம் ஆறாயிரம், வருடத்துக்கு இருபதாயிரம் போனஸ், இரண்டு வருடம் கழித்துக் கட்டிய பணம் திரும்ப வரும். சினிமா முகங்கள் விளம்பரத்தில் வந்தன. மழை பொய்த்த காட்டை வைத்துக்கொண்டு தவித்த விவசாயிக்கு இது முதலீடாகத் தெரியவில்லை; வீட்டு வாசலிலேயே மாதச் சம்பளமாகத் தெரிந்தது.

மாதம் ஆறாயிரம் என்றால் வருடத்துக்கு எழுபத்திரண்டாயிரம், போனஸோடு தொண்ணூற்று இரண்டாயிரம். ஒன்றரை லட்சத்துக்கு இது வருடம் 61 சதவீதம். கொங்குப் பேச்சில் சொன்னால் ஐந்து வட்டிக்கும் மேலே. ஊரில் ஒருவர் ஐந்து வட்டிக்குக் கடன் கேட்டு வந்தால், இந்த ஆள் எங்கிருந்து திருப்பிக் கட்டுவான் என்று முதல் கேள்வி கேட்கிற ஊர் இது. ஈமு கறியை இங்கே யார் வாங்குகிறார்கள், எண்ணெயை எங்கே விற்கிறார்கள் என்ற அதே கேள்வி பறவையிடம் கேட்கப்படவில்லை. பணத்துக்கு வட்டி என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். கூலி என்று சொன்னதால் கேட்கவில்லை.

2012 ஆகஸ்டில் கம்பெனி படுத்தது. தீவன வண்டி நின்றது. பட்டினியில் பறவைகள் சாகத் தொடங்க, கால்நடைத் துறை தீவனம் போட வேண்டி வந்தது. தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குகள் பதிவாகின. 1990-களின் நிதி நிறுவனச் சரிவுகளுக்குப் பிறகு 1997-ல் வந்த சட்டம் அது. கோவைச் சிறப்பு நீதிமன்றம் பின்னாளில் நிறுவன நிர்வாகிக்குப் பத்து வருடச் சிறைத் தண்டனை விதித்தது. பக்கத்துத் திருப்பூரில் 2009-ல் சரிந்த பாசி ஃபாரெக்ஸ் வழக்கும் அதே நீதிமன்றத்துக்குத்தான் வந்தது. 930 கோடி ரூபாய் மோசடி என்று சி.பி.ஐ. நடத்திய அந்த வழக்கில் 2022-ல் 27 வருடச் சிறைத் தண்டனை வந்தது. தண்டனை வந்த வேகத்தில் பணம் வரவில்லை.

இன்று கைபேசியில் வரும் ‘வீட்டிலிருந்தே வேலை’ச் செய்திகளும் ஈமுவின் பேரக் குழந்தைகள்தான். முதலில் சின்ன வேலை கொடுத்து ஐந்நூறு ரூபாய் அனுப்புவார்கள். அடுத்து பெரிய வேலைக்கு டெபாசிட் கேட்பார்கள். சம்பளம் தருகிறவர் எதற்கு முன்பணம் கேட்கிறார் என்று அந்த இடத்தில் நின்றுவிடுகிறவர் தப்பிக்கிறார். ஏமாந்த பிறகு நேரத்தை வீணாக்காமல் 1930 என்ற எண்ணை அழைப்பவருக்குக் கொஞ்சமாவது மீட்கும் வாய்ப்பு இருக்கிறது.

சிப்காட் வாசலில்

பெருந்துறைக்குப் பக்கத்தில் இங்கூரை ஒட்டி இரண்டாயிரத்து ஐந்நூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது சிப்காட் தொழில் வளாகம். சாய, தோல் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்டது என்று சுற்றுக் கிராமங்கள் பலமுறை போராடியிருக்கின்றன. அதே கிராமங்களின் பிள்ளைகள் காலையில் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். ஊரில் 1984-ல் தொடங்கிய கொங்கு பொறியியல் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வு நடத்தக் கம்பெனிகளே வருகின்றன. அங்கே படித்தவர் பெயருக்கு மின்னஞ்சலில் வேலை வருகிறது. ஆலை கேட்டில் மாட்டிய தகரப் பலகையில் ‘ஆட்கள் தேவை, தங்குமிடம் உணவு வசதி உண்டு’ என்று மற்றவர்களுக்கான வேலை வருகிறது.

பலகையைப் பார்த்து உள்ளே போகிறவர் முதலில் கேட்பது இன்றும் ஒன்றுதான்: “ஏனுங்க, சம்பளம் எவ்வளவுங்க?” விவரம் தெரிந்தவர் அதோடு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்கிறார். “பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டுங்களா? அது கம்பெனி பேர்லீங்களா, கான்ட்ராக்டர் பேர்லீங்களா?” சொல்கிற சம்பளம் பிடித்தத்துக்கு முன்னா பின்னா, எட்டு மணி நேரத்துக்கா ஒன்றரை ஷிப்டுக்கா என்பதும் அந்த ஒரு நிமிடப் பேச்சிலேயே தெரிந்துவிடும். மூன்று மாதம் கழித்துக் கைபேசியில் பாஸ்புக்கைத் திறந்து, பிடித்த பணம் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பவர்களும் கூடிவருகிறார்கள்.

வளாகத்துக்கு வெளியே சைக்கிளில் போகிறவர்களில் பலர் இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். ஒடிசாவில் முன்பணம் வாங்கி வெளியூர் வேலைக்குப் போவதற்கு ‘தாதன்’ என்று பெயர். அதைக் கட்டுப்படுத்த அந்த மாநிலம் 1975-ல் போட்ட சட்டத்தின் வழியாகத்தான் 1979-ல் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் வந்தது. அங்கிருந்து ஆள் கூட்டி வரும் ஒப்பந்தக்காரர் இப்போது ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுப்பதில்லை. பெட்டி கட்டும் முன்பே வீட்டாரின் கைபேசிக்குப் பணம் போய்விடுகிறது. தறிப்பட்டறையில் நோட்டும் மாறவில்லை, ஓரங்களும் மாறவில்லை. பக்கத்தின் உச்சியில் தமிழ் எழுத்தில் ஒரு ஒடியாப் பெயர். இடது பக்கம் மீட்டர். வலது பக்கம், பழையபடி, ஒரே ஒரு தொகை.